நாலு வட்டம், நாலு அம்புக்குறி: நம்ம பக்கத்து உதாரணம் ஒன்று சொல்லுங்க

வண்ணாரப்பேட்டை வாசி – ஞாயிறு, இரவு 9.12

மகள் ஒன்பதாம் வகுப்பு. பள்ளிக்கூடம் திறந்து பத்து நாள் ஆகவில்லை, அதற்குள் சார்ட் வேலை வந்துவிட்டது. பாறைக்கோளம், நீர்க்கோளம், வளிமண்டலம், உயிர்க்கோளம் நான்கும் ஒன்றோடொன்று எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்று அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் வரைந்து கொண்டுபோக வேண்டுமாம். நானும் உட்கார்ந்து நாலு வட்டம் போட்டு, ஒவ்வொன்றில் இருந்தும் மற்ற மூன்றுக்கும் அம்புக்குறி இழுத்துக் கொடுத்தேன். கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் மண்டபத்துக்கு வழி காட்டுகிற படம் மாதிரி இருக்கிறது. "மழை பெய்யுது, மரம் வளருதுன்னு எழுதினா மார்க் போட்டிருவாங்கப்பா, ஆனா இதுல என்ன இருக்கு?" என்று கேட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டாள்.

தேடினால் பனிக்கரடி, எரிமலை, அமேசான் காடுதான் வருகிறது. நம்ம திருநெல்வேலிப் பக்கத்தில், ஒரே இடத்தில் நாலும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஏதாவது உண்டா? சனிக்கிழமை வண்டியில் போய்ப் பார்த்துவிட்டு வருகிற தூரமாக இருந்தால் நல்லது. தயவுசெய்து குற்றால அருவி என்று மட்டும் சொல்லாதீர்கள், வகுப்பில் பாதிப் பேர் அதைத்தான் வரைகிறார்களாம்.

சும்மா ஒருத்தன் – ஞாயிறு, இரவு 9.15

குற்றால அருவி.

கரம்பை லோடு – ஞாயிறு, இரவு 10.40

அண்ணாச்சி, தூரம் போகவே வேண்டாம், சேரன்மகாதேவி தாண்டி எங்கள் ஊருக்கு வாருங்கள். கார் நெல்லுக்கு இன்னும் தண்ணீர் விடவில்லை, குளம் வறண்டு கிடக்கிறது. உள்வாயில் இறங்கினால் தரை பாளம் பாளமாக வெடித்திருக்கும், வெடிப்புக்குள் கையை விட்டால் முழங்கை வரை போகும், உள்ளே இன்னும் ஈரம் இருக்கும். போன வாரம்தான் சீட்டு வாங்கி ஏழு டிராக்டர் லோடு கரம்பை, அதாவது குளத்து வண்டல், அடித்து வயலில் கொட்டினேன். அந்தக் கரம்பையில் ஒரு கட்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பிள்ளையிடம் கொடுங்கள். நாலு கோளமும் அதில் இருக்கிறது.

ஏன் சொல்கிறேன் என்றால், அது எங்கள் ஊர் மண்ணே கிடையாது. பொதிகை மலையில் பெய்த மழை அங்கே இருந்து அரைத்துக் கொண்டுவந்தது. தாமிரபரணி ஆற்றில் வேகமாக ஓடும்போது அது படியாது. அணைக்கட்டில் திரும்பி, கால்வாய் வழியாக வந்து, குளத்தில் தண்ணீர் அசையாமல் நிற்கும்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாக அடியில் இறங்கும். அதோடு பாசி, அமலைச்செடி, நத்தை, மீன் செதில், கொக்கு எச்சம், எருமைச் சாணம் எல்லாம் சேர்ந்து மக்கும். கோடையில் தண்ணீர் வற்றினால் வெயிலும் காற்றும் உள்ளே போகும். அப்புறம் நாங்கள் வெட்டி எடுத்து வயலில் போடுவோம், குளத்திலும் அடுத்த வருடத் தண்ணீருக்கு இடம் கிடைக்கும். எங்க அப்பா காலத்தில் உர மூட்டையை யாரும் எண்ண மாட்டார்கள், எத்தனை வண்டி கரம்பை அடித்தாய் என்றுதான் கேட்பார்கள்.

கல் டீச்சர் – திங்கள், காலை 6.05

நிலவியல் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். கரம்பைத் தம்பி சொன்னது நல்ல உதாரணம். ஒரு சின்ன ஒட்டு மட்டும் போடுகிறேன்: மழை மலையை அரைப்பதோடு நிற்பதில்லை, கரைக்கவும் செய்கிறது.

மழைத்துளி விழும்போதே காற்றில் இருக்கிற கரியமில வாயுவைக் கொஞ்சம் கரைத்துக்கொண்டுதான் விழுகிறது. அதனால் சுத்தமான மழைநீரே லேசான அமிலம். அது காட்டுத் தரையில் இறங்கும்போது இன்னும் புளிக்கிறது, ஏனென்றால் வேர்களும் நுண்ணுயிர்களும் மண்ணுக்குள் மூச்சுவிட்டு விட்டு, மண்ணிடுக்கில் இருக்கிற காற்றில் கரியமில வாயு வெளிக்காற்றைப் போலப் பல மடங்கு சேர்ந்திருக்கும். அந்தத் தண்ணீர் பாறையைத் தொட்டால் பாறை மெதுவாகச் சாகும். பொதிகைப் பக்கம் நிறைய இருப்பது சார்னோகைட். பார்க்க இரும்பு மாதிரி இருக்கும், ஆனால் அதில் உள்ள ஃபெல்ஸ்பார் என்ற கனிமம் இந்த அமிலத்தில் ஊறி ஊறிக் களிமண்ணாகிவிடும். தம்பி கையில் ஒட்டுகிற பிசுபிசுப்பு அதுதான். கரைந்த சுண்ணாம்புச் சத்தும் பொட்டாசியமும் ஆற்றோடு போகும். ஆக, மலையில் மரம் இருந்தால் பாறை வேகமாகக் கரையும், கரைந்த மண் ஓடிப்போகாமல் மெதுவாக இறங்கும். இரண்டு வேலையையும் அதே வேர்தான் செய்கிறது.

(சார்னோகைட் என்ற பெயர் கல்கத்தாவில் ஜாப் சார்னோக் என்ற வெள்ளைக்காரரின் கல்லறைக் கல்லில் இருந்து வந்தது. அந்தக் கல் இங்கே சென்னைப் பக்கத்தில் இருந்து போனது. சார்ட்டுக்கு வேண்டாம், வாய் சும்மா இருக்கவில்லை.)

தேரிக்காட்டான் – திங்கள், மதியம் 1.30

எல்லோரும் தண்ணீரையே கட்டிக்கொண்டு அழுகிறீர்கள். காற்று மண்ணை அள்ளிக் கொட்டி ஒரு நாட்டையே உண்டாக்கிய இடம் எங்களுடையது. திசையன்விளையில் இருந்து சாத்தான்குளம், திருச்செந்தூர் பக்கம் வரை செக்கச்செவேல் என்று மணல்மேடாகக் கிடக்கிற தேரியைத் தெரியாதவர் உண்டா? ஆனி, ஆடியில் மேற்கே இருந்து மேல்காற்று கிளம்பினால் நாங்குனேரிப் பக்கத்துச் செம்மண்ணைக் கிளப்பிக்கொண்டு கிழக்கே வரும். கடலை நெருங்குகிற இடத்தில் வேகம் குறைந்து போட்டுவிடும். இப்படியே ஆயிரக்கணக்கான வருடம்.

எங்கள் விளையில் ஒரு பனை நிற்கிறது. மேற்குப் பக்கம் தூரில் வேர்க்கொத்து வெளியே தெரிகிறது, இரண்டு முழம் மண் போய்விட்டது. கிழக்குப் பக்கம் அதே பனைக்கு மண் ஏறி நிற்கிறது. ஒரே மரத்தைச் சுற்றி நடந்தால் காற்று எடுத்ததும் தெரியும், வைத்ததும் தெரியும். இந்தப் பனையும் உடைமரமும் கொல்லாமரமும் நிற்காவிட்டால் தேரி இன்றைக்கும் ஊர்மேல் நடந்து வந்துகொண்டிருக்கும், முன்னே அப்படித்தான் வந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

தண்ணீர் இல்லையே என்பீர்கள். பெய்கிற மழையில் ஒரு சொட்டுகூட மேலே ஓடாது, மணல் அப்படியே குடித்துவிடும். குடித்தது அடியில் எங்கேயோ கசியும். மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் கோவிலில் போய்ப் பாருங்கள், சுற்றிலும் தீப்பிடித்த மாதிரி மணல், நடுவில் சுனை. வாசி அண்ணாச்சி, பிள்ளையை இங்கே கூட்டி வாருங்கள். கரம்பையில் என்ன இருக்கிறது, சேறு.

கரம்பை லோடு – திங்கள், மதியம் 1.52

சேறு இல்லாமல்தான் காலையில் இட்லி சாப்பிட்டீரா வே?

காற்றாடிக்காரன் – திங்கள், இரவு 8.20

பணகுடி பக்கம் காற்றாலை பராமரிப்பில் இருக்கிறேன். தேரி அண்ணன் சொல்கிற மேல்காற்றுக்குத்தான் நாங்கள் வருடம் முழுக்கக் காத்திருப்போம். வைகாசியில் இருந்து புரட்டாசி வரை சீசன். வடக்கே நிலம் சூடாகிக் காற்று மேலே எழும்புகிறது, அந்த இடத்தை நிரப்பக் கடலில் இருந்து காற்று ஓடி வருகிறது, நடுவில் மலை மறிக்கிறது. ஆரல்வாய்மொழியில் கிடைத்த சந்துக்குள் புகுந்து வரும்போது சைக்கிள் டியூப் வாய் மாதிரி சீறும். முப்பந்தலில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், வேட்டி கட்டிக்கொண்டு போகாதீர்கள்.

உயிர்க்கோளத்துக்கு நான் ஒரு உதாரணம் தருகிறேன், புத்தகத்தில் இருக்காது. காற்று மெதுவாக அடிக்கிற நாட்களில் பூச்சிகள் கூட்டமாகப் பறக்கும். இறக்கையின் முன்விளிம்பில் மோதி மோதிப் பசை மாதிரி காய்ந்து ஒட்டிக்கொள்ளும். கைக்குத் தட்டுப்படுகிற சொரசொரப்புத்தான், ஆனால் அதற்கே கரண்டு உற்பத்தி குறைந்துவிடும், ஏனென்றால் காற்று இறக்கையின் மேல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். ஒரு நல்ல மழை பெய்தால் கழுவிவிடும், மறுநாள் மீட்டர் ஏறும். மழை வராவிட்டால் கயிற்றில் தொங்கிக்கொண்டு நாங்கள் கழுவ வேண்டும். தூசியும் அப்படித்தான், தேரிக்குப் போகிற மண் வழியில் எங்கள் இறக்கையைத் தேய்த்துவிட்டுத்தான் போகிறது.

வண்ணாரப்பேட்டை வாசி – திங்கள், இரவு 9.00

எல்லோருக்கும் நன்றி. மகள் பூச்சிக் கதையைக் கேட்டு எழுந்து உட்கார்ந்துவிட்டாள். அவள் ஒரு கேள்வி கேட்கிறாள், எனக்குப் பதில் தெரியவில்லை. செங்கோட்டையில் சாரல் அடிக்கிறது, அதே நாளில் இங்கே பாளையங்கோட்டையில் மண்டை காய்கிறது. மேகம் மலை ஏறி வந்ததே, பாக்கித் தண்ணீர் எங்கே போனது?

கல் டீச்சர் – செவ்வாய், காலை 5.50

நல்ல கேள்வி. கேரளத்துப் பக்கம் காற்று மலை ஏறும்போது குளிர்கிறது, குளிர்ந்தால் நீராவி துளியாகிறது, மழை. துளியாகும்போது நீராவி தனக்குள் வைத்திருந்த சூட்டைக் காற்றில் விட்டுவிடும், அதனால் ஏறுகிற காற்று அவ்வளவு வேகமாகக் குளிராது. இந்தப் பக்கம் இறங்கும்போது தண்ணீரைக் கொட்டி முடித்த காய்ந்த காற்று, ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் சுமார் 10 டிகிரி சூடேறிக்கொண்டே இறங்கும். ஆக, அது கிளம்பியதைவிடச் சூடாகவும் வறட்சியாகவும் நம் தலையில் வந்து விழுகிறது. பாக்கி இருக்கிற மேகமும் இறங்க இறங்கக் கரைந்துபோகும். செங்கோட்டையில் கணவாய் இருப்பதால் மலைக்கு அந்தப் பக்கத்துச் சாரல் கொஞ்சம் எட்டிப் பார்க்கிறது. பாளையங்கோட்டைக்கு ஐப்பசி, கார்த்திகையில் கொண்டல் என்கிற வடகிழக்குப் பருவமழைதான் கதி. ஆற்றுக்கு மட்டும் இரண்டு பருவமும் உண்டு, மலை உச்சி இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொள்வதால். அதனால்தான் நமக்குக் கார், பிசானம் என்று இரண்டு போகம்.

மூலைக்கரைப்பட்டி மருமகன் – செவ்வாய், காலை 11.15

யாரும் கூந்தன்குளத்தைச் சொல்லவில்லையே. 1994-இல் சரணாலயமாக அறிவித்தார்கள், ஆனால் அதற்கு ரொம்ப முன்னாலேயே ஊர்க்காரர்கள் பறவையைக் காத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். வீட்டு முற்றத்து மரத்தில் சங்குவளை நாரை கூடு கட்டும், தீபாவளிக்கு வெடி கிடையாது. வெளிக் குளங்களில் எல்லாம் மேய்ந்துவிட்டு வந்து இங்கே எச்சமிடும், அந்தத் தண்ணீர் வயலுக்குப் பாயும், கோடையில் எச்சம் ஊறிய வண்டலை அள்ளி வயலில் போடுவார்கள். கரம்பை அண்ணன் சொன்ன அதே கணக்கு, ஆனால் இங்கே லோடு வானத்தில் வருகிறது. வரித்தலை வாத்து இமயமலையைத் தாண்டிப் பறந்து வருகிற ஜாதி, யோசித்துப் பாருங்கள். என் மாமனார் வீட்டு நெல்லில் எந்த நாட்டுப் புல் இருக்கிறதோ.

இப்போது போனால் கூட்டம் கலைந்திருக்கும். தை மாதம் போங்கள்.

புன்னைக்காயல் – செவ்வாய், இரவு 7.40

ஆறு மலையில் தொடங்கிக் குளத்தில் முடிந்துவிடுகிற மாதிரி எல்லோரும் பேசுகிறீர்கள். அது எங்கள் ஊரில் கடலில் விழுகிறது, ஐயா. "வீணாகக் கடலில் கலக்கும் தண்ணீர்" என்று ஒவ்வொரு மழைக்காலத்திலும் பேப்பரில் போடும்போது எனக்கு வயிறு எரியும். நல்ல தண்ணீர் வந்து விழுந்தால்தான் கழிமுகத்தில் இறால் குஞ்சு வளர இடம், கண்டல் (அலையாத்தி) செடி தழைக்க இடம், கரைக்கு மண். ஆறு வராத வருடம் முகத்துவாரத்தில் மணல் மேடிட்டுப் படகு போக வழியில்லாமல் நிற்போம். கொற்கை ஒரு காலத்தில் கடல் துறைமுகம், முத்து ஏற்றுமதி ஆன ஊர். இன்றைக்கு அங்கே நின்றால் கடல் கண்ணுக்கே தெரியாது, பல கிலோமீட்டர் உள்ளே வயல்காட்டில் இருக்கிறது. யார் தள்ளினார்கள் கடலை? கரம்பைத் தம்பியின் குளத்தில் நிற்காமல் வந்த வண்டல்தான். கொற்கை போய்ப் பழைய காயல், பழைய காயல் போய் நாங்கள்.

தேரிக்காட்டான் – செவ்வாய், இரவு 8.05

அண்ணே, வருத்தம் புரிகிறது. ஆனால் எங்கள் பக்கம் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் லாரிக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு ராத்திரி முழுக்க முழித்துக் கிடந்தவர்களிடம் போய் இறால் குஞ்சைப் பற்றிப் பேசிப் பாருங்கள். தாமிரபரணியின் கன்னடியன் கால்வாயில் இருந்து எங்கள் பக்கத்து எம்.எல். தேரி வரை வெள்ள நீர்க் கால்வாய், சுமார் 75 கி.மீ., அடிக்கல் நாட்டியது 2009-இல், நாங்கள் எத்தனை வருடம் காத்திருந்தோம் தெரியுமா? அதுவும் உபரித் தண்ணீருக்குத்தான்.

புன்னைக்காயல் – செவ்வாய், இரவு 8.11

எங்களுக்கு வருகிறதே உபரிதான் தம்பி. உபரியையும் பங்கு வைத்தால் எங்களுக்கு என்ன?

தேரிக்காட்டான் – செவ்வாய், இரவு 8.30

இதற்குப் பதில் இல்லை என்னிடம்.

கல் டீச்சர் – புதன், காலை 6.00

சண்டையில் நுழைய மாட்டேன், இரண்டு பேரிடமும் நியாயம் இருக்கிறது. ஆனால் கடலைப் பற்றி ஒன்று. ஆற்று வண்டல் எல்லா இடத்திலும் நல்லது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள், அவற்றைச் சுற்றிப் பவளப்பாறை. பவளம் என்பது உயிர், கல் மாதிரி வீடு கட்டிக்கொள்கிற உயிர். அதன்மேல் சேறு படிந்தால் மூச்சு முட்டும். தண்ணீர் அளவுக்கு மேல் சூடானால் உள்ளே குடியிருக்கிற பாசியைத் துப்பிவிட்டு வெளுத்துப்போகும், 2010-இலும் 2016-இலும் இங்கே அது நடந்தது. போதாததற்கு முன்பு சுண்ணாம்புக்காக வெட்டி எடுத்ததில் தீவுகள் அரித்து, இரண்டு தீவு கடலுக்குள்ளேயே போய்விட்டது. பவளம் அலையைத் தடுத்தது, தடுப்பை எடுத்தார்கள், அலை தீவைத் தின்றது.

பொதிகையில் கரைந்த சுண்ணாம்புச் சத்து என்று முதலில் சொன்னேனே, அதைத்தான் சிப்பியும் சங்கும் பவளமும் ஓடாக்கிக்கொள்கின்றன. அவை செத்துக் குவிந்து பல கோடி வருடத்தில் சுண்ணாம்புக்கல். தாழையூத்தில் வெட்டுகிறார்களே, அந்தக் கல்லும் ஆதியில் ஏதோ ஒரு கடலின் அடியில் படிந்ததுதான், பிறகு பூமிக்குள் புதைந்து வெந்து பளிங்கு மாதிரி இறுகிவிட்டது. மழை காற்றில் இருந்து எடுத்த கரியமில வாயு இப்படிக் கல்லாகப் பூட்டிக் கிடக்கிறது, எரிமலை எப்போதாவது கொஞ்சம் திறந்துவிடும். இந்தக் கணக்கு லட்சக்கணக்கான வருடத்தில் பூமியின் சூட்டை ஒரு அளவில் பிடித்து வைக்கிறது. சிமெண்டுச் சூளையில் 1,450 டிகிரியில் அதே கல்லை வேகவைத்து நாம் அரை மணி நேரத்தில் திறந்துவிடுகிறோம். என் வீடும் சிமெண்டு வீடுதான், யாரையும் குற்றம் சொல்லவில்லை.

ஏரல் வாழை – புதன், மதியம் 2.25

வண்டல், வண்டல் என்று இவ்வளவு ஆசையாகப் பேசுகிறவர்கள் 2023 டிசம்பரில் எங்கள் வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். நெஞ்சு மட்டத்துக்குத் தண்ணீர், வடிந்த பிறகு நடுவீட்டில் முழங்கால் அளவு சேறு. பீரோவைத் திறந்தால் கல்யாணப் பட்டெல்லாம் கரம்பை. அணையைத் திறந்துவிட்டு எங்களை மூழ்கடித்துவிட்டார்கள், அவ்வளவுதான். இதில் கோளமாவது வட்டமாவது.

கரம்பை லோடு – புதன், மதியம் 3.10

அக்கா, பட்ட பாடு பெரிது, இல்லை என்று சொல்லவில்லை. எங்கள் பக்கமும் வயல் போனது. ஆனால் அணையை மட்டும் சொல்ல முடியாது. அந்த ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. கொட்டியது. காயல்பட்டினம் எங்கே இருக்கிறது, அணை எங்கே இருக்கிறது? மலையில் பெய்தால் அணை கொஞ்சம் தாங்கும். கடற்கரையில் பெய்ததை எந்த அணை தாங்கும்? மேலே இருந்தும் வந்தது, தலைக்கு நேராகவும் விழுந்தது, குளத்துக் கரைகளும் உடைந்தன.

ஏரல் வாழை – புதன், மதியம் 3.22

குளம் ஏன் உடைந்தது தம்பி? தூர்வாரினார்களா? குளம் நிரம்பினால் மறுகால் போகிற ஓடையில் வீடு கட்டவிட்டது யார்?

கரம்பை லோடு – புதன், மதியம் 3.30

அதை ஒத்துக்கொள்கிறேன். எங்கள் குளத்து மறுகால் ஓடையிலேயே இப்போது ஒரு கல்யாண மண்டபத்துக் கார் நிறுத்துமிடம் இருக்கிறது.

காற்றாடிக்காரன் – புதன், இரவு 9.45

அன்றைக்கு நான் டவர் அடியில் இருந்தேன். குமரிக் கடல் பக்கம் ஒரு சுழற்சி நகராமல் உட்கார்ந்துகொண்டு கிழக்கே இருந்து ஈரத்தை இழுத்து இழுத்துக் கொட்டியது. காற்று ஒரு டிகிரி கூடுதலாகச் சூடானால் சுமார் 7 சதவீதம் அதிகமாக நீராவி பிடிக்கும். அந்த மழைக்கு அது மட்டும்தான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை, ஆனால் மேலே பெரிய தொட்டி வைத்துவிட்டுக் கீழே சின்னக் குழாய் வைத்த மாதிரி ஆகிவிட்டது. ஓடையில் கார் நிறுத்துமிடம் இருந்தால் 30 செ.மீ. மழைக்கே ஊர் மூழ்கும்.

ஏரல் வாழை – வியாழன், காலை 10.05

நேற்று கோபத்தில் எழுதிவிட்டேன். ஒரு விஷயம் கேட்க வேண்டும், டீச்சர் சொல்லுங்கள். எங்கள் வாழைத் தோட்டத்தில் ஆற்றை ஒட்டிய பாதியில் வெறும் மணலைக் கொட்டிவிட்டுப் போனது வெள்ளம், இன்றைக்கு வரை ஒன்றும் வரவில்லை. ரோட்டுப் பக்கத்துப் பாதியில் கருப்பாகச் சேறு, அதில் அடுத்த வருடம் தார் ஒவ்வொன்றும் தூக்க முடியவில்லை. ஒரே வெள்ளம், ஒரே தோட்டம்.

கல் டீச்சர் – வியாழன், காலை 11.30

தண்ணீர் வேகம்தான் அம்மா. கரையை உடைத்துக்கொண்டு உள்ளே வந்ததும் பரவி வேகம் குறையும், முதலில் கனமான மணலைக் கைவிடும். மெல்லிய வண்டலை இன்னும் கொஞ்ச தூரம் சுமக்கும், ரோட்டு மேட்டில் தடுக்கி நின்ற இடத்தில் அதையும் விட்டுவிடும். மணல் கிடக்கிற பாதியில் மணலை அகற்றாமல் வாழை வைக்காதீர்கள், ஊற்றுகிற தண்ணீர் நிற்காது. முடிந்தால் கரம்பைத் தம்பியிடம் நாலு லோடு வாங்குங்கள்.

சும்மா ஒருத்தன் – வியாழன், காலை 11.34

வாசி அண்ணாச்சி ஓடிவிட்டாரா?

வண்ணாரப்பேட்டை வாசி – சனி, இரவு 8.50

ஓடவில்லை. பள்ளியில் சார்ட்டுக்கு இன்னும் நாலு நாள் கொடுத்திருக்கிறார்கள். இன்று காலை மகளைக் கூட்டிக்கொண்டு கரம்பை அண்ணன் ஊருக்குப் போனோம், மோர் கொடுத்து, இரண்டு சாக்கில் கட்டி கொடுத்துவிட்டார். தேரிக்குப் போக நேரமில்லை, அண்ணன் மன்னிக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து தாழ்வாரத்தில் பேப்பர் விரித்து ஒரு கட்டியை உடைத்தோம். சாம்பல் நிறம், கொஞ்சம் நீலம் கலந்த மாதிரி. உள்ளே சின்ன நத்தை ஓடு மூன்று, வெள்ளையாக, நகத்தால் அழுத்தினால் பொடிந்தது. ஒரு மீன் முள். கருப்பாக மக்கிய தண்டு. இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். ஆனால் அந்தச் சாம்பல் மண்ணுக்குள் மேலிருந்து கீழே துருப்பிடித்த நிறத்தில் மெல்லிய கோடுகள் ஓடுகின்றன, நூல் மாதிரி. மகள் ஊசியால் கிளறிப் பார்த்தாள், கோடு இல்லை, குழாய். உள்ளே வெற்றிடம், சுற்றிலும் துரு. சில குழாயில் காய்ந்த வேர் இன்னும் இருக்கிறது, நூல் உறைக்குள் இருக்கிற மாதிரி உருவி எடுக்க வருகிறது. வேர் எப்படித் துருப்பிடிக்கும் என்று கேட்கிறாள். இரும்புக் கம்பி எதுவும் இல்லை. டீச்சர்?

கல் டீச்சர் – சனி, இரவு 9.20

பிள்ளையை நான் பாராட்டினேன் என்று சொல்லுங்கள். சார்ட்டில் இதை வரையட்டும், வேறு எதுவும் வேண்டாம்.

தண்ணீர் நிற்கிற குளத்தின் அடியில் காற்று நுழையாது. மக்குகிற பொருளைத் தின்கிற நுண்ணுயிர்கள் இருந்த ஆக்சிஜனை முடித்துவிடும், முடிந்ததும் மூச்சுக்கு வேறு வழி தேடும், மண்ணில் இருக்கிற துருவையே பிடித்துக்கொள்ளும். அப்போது துரு கரையக்கூடிய இரும்பாக மாறிவிடும், சிவப்புப் போய் மண் சாம்பல் நிறமாகும். சேற்றைக் கிளறினால் நாற்றம் வருவதும் இப்படிக் காற்றில்லாமல் பிழைக்கிற ஜீவன்களால்தான்.

இனி அந்தச் சேற்றில் கோரையும் நெல்லும் எப்படி நிற்கிறது? அவற்றின் தண்டை ஒடித்துப் பார்த்தால் உள்ளே பஞ்சு மாதிரி ஓட்டைகள் இருக்கும். இலை வழியாக எடுத்த காற்றை அந்த ஓட்டைகள் வழியே வேர் நுனி வரை இறக்கும். அதில் கொஞ்சம் வேருக்கு வெளியேயும் கசியும். சேற்றுத் தண்ணீரில் கரைந்து கிடக்கிற இரும்பு அந்தக் காற்றைத் தொட்டதும் அங்கேயே, வேரைச் சுற்றியே, துருவாக உட்கார்ந்துவிடும். பிறகு வேர் மக்கிப்போகும், துருக் குழாய் நின்றுவிடும். பிள்ளை உருவி எடுத்தது அதைத்தான்.

தேரிக்காட்டாருக்கும் ஒரு வார்த்தை: உங்கள் மணலின் சிவப்பும் இதே துருதான், ஒவ்வொரு மணிமேலும் மெல்லிசாகப் பூசினது. மேற்கே இருந்து காற்று கொண்டுவந்ததில் ஒரு பங்கு, சுமார் 20,000 வருடத்துக்கு முன்னால் கடல் இன்றைக்கு விட 120 மீட்டர் வரை கீழே இருந்தபோது வெளியே கிடந்த கடலடி மணலில் ஒரு பங்கு என்று இரண்டு விதமாகவும் சொல்பவர்கள் உண்டு. எப்படி வந்தாலும் சிவந்தது இங்கே, காற்றிலும் ஈரத்திலும்.

இன்னும் பின்னால் போனால், காற்றில் ஆக்சிஜனே இல்லாத காலம் ஒன்று இருந்தது. கடலில் இரும்பு கரைந்து கிடந்தது, நம்ம குளத்தடி மாதிரி. நீலப்பச்சைப் பாசி ஆக்சிஜனை வெளியே விட விட அந்த இரும்பு துருவாகி அடுக்கடுக்காகப் படிந்தது. நாம் இன்று வெட்டுகிற இரும்புத்தாதுவில் பெரும்பகுதி அப்படி வந்தது. இரும்பு படிந்து குறைந்த பிறகுதான், சுமார் 240 கோடி வருடத்துக்கு முன்னால், காற்றில் ஆக்சிஜன் சேர ஆரம்பித்தது. ஆதிச்சநல்லூரில் தோண்டி எடுத்த வாள், ஈட்டி எல்லாம் பார்த்திருப்பீர்கள். தாதுவில் இருந்த துருவில் இருந்து ஆக்சிஜனைப் பிரித்து அந்தக் காலத்து மனிதன் இரும்பாக்கினான், தாழியோடு புதைத்தான், மறுபடியும் துரு. பிள்ளையின் கட்டியில் இருப்பது அதன் சின்ன வடிவம், ஒரு வேரின் நீளத்துக்கு.

தேரிக்காட்டான் – சனி, இரவு 9.41

டீச்சர், நாளைக்கு ஒரு கைப்பிடி தேரி மண் பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன், பிள்ளை பக்கத்தில் ஒட்டட்டும். சேறு என்று சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

புன்னைக்காயல் – சனி, இரவு 10.15

கண்டல் செடிக்கும் இதே கதைதானே டீச்சர்? சேற்றுக்குள் இருந்து ஆணி ஆணியாக மேலே நீட்டிக்கொண்டு நிற்குமே, காலில் குத்தும்.

கல் டீச்சர் – சனி, இரவு 10.22

அதேதான். அது மூச்சு வேர். நெல் இலை வழியாக வாங்குவதை அது வேரை வெளியே நீட்டி வாங்குகிறது.

வண்ணாரப்பேட்டை வாசி – புதன், இரவு 7.30

சார்ட் போய்விட்டது. வட்டம் ஒன்றுகூட இல்லை. ஒரே ஒரு வேர், சுற்றிலும் துருக் குழாய், அதற்கு வெளியே சாம்பல் மண், ஒரு சார்ட் முழுக்கப் பெரிதாக. காற்று எங்கே, தண்ணீர் எங்கே என்று வண்ணம் பிரிக்க முயன்று பார்த்தாள், துருவுக்கு எந்த வண்ணம் கொடுப்பது என்று தெரியாமல் துருவையே தொட்டுப் பூசிவிட்டாள். கட்டியைப் பசை போட்டு ஒட்டியதில் பஸ் ஏறுவதற்குள் விழுந்து உடைந்துவிட்டது, தீப்பெட்டியில் துண்டுகளைப் போட்டு அனுப்பினேன். தேரி மண் நன்றாக ஒட்டிக்கொண்டது.

வகுப்பில் டீச்சர் இரண்டு கட்டி கேட்டாராம். நான் சாக்கைத் தொட்டிச் செடிக்குக் கொட்டிவிட்டேன். கரம்பை அண்ணன், இன்னும் கொஞ்சம் கிடைக்குமா?

கரம்பை லோடு – புதன், இரவு 8.02

நேற்றே கால்வாயில் தண்ணீர் வந்துவிட்டது அண்ணாச்சி, உள்வாயில் கணுக்கால் அளவு நிற்கிறது. இனி பங்குனிக்கு அப்புறம்தான்.